தேன்பாறையும் செம்மண் கோடும்: குறும்பர் ஓவியத்தில் உணவு தேடல்

நீலகிரிச் சரிவுகளில் வாழும் ஆலு குறும்பர் என்னும் பழங்குடி மக்கள் கோயிற்சுவரிலும் வீட்டின் புறச்சுவரிலும் மண்ணும் தழைச்சாறும் கொண்டு தீட்டிவந்த ஓவியம், அண்மைக் காலத்தில் தாளுக்கும் துணிக்கும் இடம்பெயர்ந்து, சென்னைவாசிகளின் வரவேற்பறை வரை வந்து சேர்ந்திருக்கிறது. மயிலாப்பூரிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய எல்டாம்ஸ் சாலையில் அமைந்த சி.பி. இராமசாமி ஐயர் அறக்கட்டளை, இக்கலை அற்றுப்போகாமல் காக்கவும் குறும்ப இளைஞர்களுக்கு அதில் பயிற்சி அளிக்கவும் முயன்ற நிறுவனங்களுள் முதன்மையானது. ஆகவே குறும்பர் ஓவியத்தைப் பற்றிய பேச்சு இந்நகரத்துக்கு அயலானதன்று. அவ்வோவியத்தில் மிகுதியாகத் தீட்டப்படும் பொருள் உணவு தேடுதல். அதிலும் செங்குத்துப் பாறையில் மலைத்தேன் எடுக்கும் காட்சியே திரும்பத் திரும்ப வருகிறது. நகரத்துக் கண்ணுக்கு அது எளிய கோடுகளால் ஆன அழகிய அலங்காரமாகத் தோன்றினாலும், எந்தப் பாறையில், யார் துணையோடு, என்ன நெறிக்கு உட்பட்டு ஒரு கூட்டம் தன் உணவை எடுத்துக்கொள்கிறது என்பதைச் சொல்லும் ஆவணமாகவே அதைப் படிக்க வேண்டும் என்பதே இவ்வுரையின் கருத்து.

குறும்பர் என்பது ஒரே குழுவின் பெயரன்று. நீலகிரியிலும் அதை அடுத்த வயநாடு, மைசூர்ப் பகுதிகளிலும் ஆலு குறும்பர், பெட்டக் குறும்பர், முள்ளுக் குறும்பர், காட்டு நாயக்கர் என்று அழைக்கப்படும் தேன் குறும்பர் முதலிய பல பிரிவினர் தனித்தனிப் பேச்சும் தொழிலும் வழிபாடும் கொண்டு வாழ்கின்றனர். தமிழ்நாட்டில் மிகவும் நலிவுற்ற நிலையிலுள்ள பழங்குடிகள் என அரசு வகைப்படுத்திய ஆறு குழுக்களில் தோடர், கோத்தர், இருளர், பணியர், காட்டு நாயக்கர் ஆகியோரோடு குறும்பரும் அடங்குவர். கேழ்வரகும் சாமையும் தினையும் சிறு அளவில் விளைவித்துக்கொண்டு, கிழங்கு அகழ்ந்தும் கனியும் கீரையும் தேனும் சேர்த்தும் வாழ்ந்த இம்மக்களைப் பற்றி ஆங்கிலேய அதிகாரிகள் நிறையவே எழுதியிருக்கின்றனர். நீலகிரியின் முதல் ஆணையராக இருந்த பிரீக்ஸ் எழுதிய நூல் 1873-இலும், சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக விளங்கிய எட்கர் தர்ஸ்டன், கே. ரங்காச்சாரியின் துணையோடு தொகுத்த ஏழு தொகுதிகள் 1909-இலும் வெளிவந்தன. அண்டை மக்கள் குறும்பரின் மந்திரத்துக்கு அஞ்சினார்கள் என்பதையும், அந்த அச்சத்தால் அவர்கள் கொல்லப்பட்டதையும் அக்கால எழுத்துகளில் விரிவாகக் காணலாம். மனிதர்களின் தலையையும் மூக்கையும் அளந்து எண்களாக்கிய தர்ஸ்டனின் தலைமுறைக்கு அவர்கள் வீட்டுச் சுவரில் இருந்த கோடுகளின்மீது அதே அளவு அக்கறை எழவில்லை என்பது வருந்தத்தக்கது. எழுந்திருந்தால் நூறாண்டுக்கு முந்தைய ஓவியங்களின் பதிவு ஒன்று எழும்பூரிலேயே கிடைத்திருக்கும்.

தேன் எடுக்கும் படம் ஒன்றைக் கிட்டே நின்று பார்த்தால் அதன் அமைப்பு விளங்கும். படத்தின் ஒரு பக்கத்தில் மேலிருந்து கீழாகப் பாறை இறங்குகிறது; அதன் விலாவில் அரைவட்ட வடிவில் அடைகள் தொங்குகின்றன. பாறையின் தலையிலிருந்து ஏணி ஒன்று ஆடும் நிலையில் தொங்க, அதில் மெலிந்த உருவம் ஒன்று ஒரு கையில் புகையும் பந்தத்தோடும் மறு கையில் நீண்ட கழியோடும் நிற்கிறது. அடையைச் சுற்றிச் சிதறிய சிறு புள்ளிகள் தேனீக்கள். பாறையின் உச்சியில் ஏணியைப் பிடித்துக்கொண்டு ஒருவரும், அடிவாரத்தில் கூடையோ கலமோ ஏந்திச் சிலரும் நிற்பர். முகத்தில் கண்ணும் வாயும் காட்டப்படுவதில்லை என்றே சொல்லிவிடலாம். உடலின் வளைவும் கையின் நீட்டமும் அவரவர் செய்யும் வேலையை உணர்த்திவிடுகின்றன. உருவங்கள் ஏறத்தாழ ஒரே அளவினவாக இருப்பதும் கவனிக்கத்தக்கது. ஏணியில் தொங்குபவர் மற்றவரைவிடப் பெரியவராகத் தீட்டப்படுவதில்லை. தேன் எடுத்தல் தனியொருவரின் வீரச்செயலாக அன்றிக் கூட்டுத்தொழிலாகவே அம்மக்களால் கருதப்படுகிறது என்பதற்கு இந்தச் சம அளவே சான்று.

படத்தில் காணும் ஒவ்வொன்றுக்கும் நடைமுறையில் பொருள் உண்டு. பாறையில் கூடு கட்டுவது தேனீ இனங்களில் மிகப் பெரியவற்றுள் ஒன்றான மலைத்தேனீ. பொந்துக்குள் பல அடைகளை அடுக்கிக் கட்டும் அடுக்குத் தேனீயைப் போலன்றி, திறந்த வெளியில் ஒற்றைப் பேரடையாகக் கட்டுவது அதன் இயல்பு. சீண்டினால் கூட்டமாகத் துரத்திக் கொட்டும் என்பதால், அந்தி சாய்ந்த பிறகோ இரவிலோ தேன் எடுப்பதும் உண்டு. காட்டுக்கொடிகளை முறுக்கிச் செய்த ஏணியில் ஒருவர் இறங்க, பச்சைத் தழையைக் கட்டி எரித்த புகையால் தேனீக்கள் விலக்கப்படுகின்றன. அதற்கு முந்தைய நாட்களில் தேன் எடுப்பவர் உடல் தூய்மை காத்து, மனைவியை விட்டு விலகி, நோன்பிருப்பதும், இறங்குமுன் தெய்வத்தை வேண்டுவதும், பாறையில் தொங்கியவாறே தேனீயை நோக்கிப் பாடுவதும் மரபு. ஏணியின் தலைப்பை மேலே பிடித்திருப்பவர் மச்சானாக, அதாவது மனைவியின் உடன்பிறந்தானாக, இருக்க வேண்டும் என்பது இத்தொழிலில் பரவலாகச் சொல்லப்படும் விதி. தன் அக்காளோ தங்கையோ தாலியறுப்பதை எந்த உடன்பிறந்தானும் விரும்பமாட்டான் என்பதே அதற்குக் காட்டப்படும் காரணம். சொத்தின் வாரிசுரிமையால் பகை மூளக்கூடிய பங்காளியை விலக்கி, பெண் கொடுத்த வீட்டானை உயிர்க்காப்பாக நிறுத்தும் இந்த ஏற்பாட்டை அறிந்தவருக்கு, ஓவியத்தின் உச்சியில் நிற்கும் அந்தச் சிறு உருவம் வெறும் துணைப்பாத்திரமாகத் தெரியாது.

எந்த ஊரார் எந்தப் பாறையில் தேன் எடுக்கலாம் என்பதும் வழக்காறாக வரையறுக்கப்பட்டது. கோத்தகிரியை இருப்பிடமாகக் கொண்டு 1993-இல் தொடங்கப்பட்ட கீஸ்டோன் அறக்கட்டளை, தன் தொடக்க ஆண்டுகளிலேயே நீலகிரித் தேன் எடுப்போரின் முறைகளை ஆராயப் புகுந்து, பாறைகளும் ஊர்களும் ஒன்றோடொன்று பிணைந்திருக்கும் இவ்வழக்கத்தைப் பதிவு செய்தது. அடையார், மயிலாப்பூர் இயற்கை அங்காடிகளின் அலமாரியில் 'மலைத்தேன்' என்று ஒட்டுச்சீட்டோடு நிற்கும் குப்பிக்குப் பின்னால் இத்தனை உறவும் விதியும் இருக்கின்றன. ஒட்டுச்சீட்டில் அவற்றுக்கு இடமில்லை.

தமிழ் இலக்கியத்தில் பழகிய வாசகருக்கு இக்காட்சி புதிதாகவும் இராது. தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களை, அதாவது அந்நிலத்தில் தோன்றி அதன் வாழ்வை உருவாக்கும் பொருள்களை, எண்ணிச் சொல்லுமிடத்தில் தெய்வத்தை அடுத்து உணவையே வைக்கிறது. குறிஞ்சி நிலத்தின் தொழில்களாகத் தேன் அழித்தலையும் கிழங்கு அகழ்தலையும் தினைப்புனம் காத்தலையும் உரையாசிரியர்கள் குறிப்பர். மலைத்தேனை எடுக்கக் கணுக்கள் விட்ட மூங்கிலை நட்டு ஏறும் ஏணிக்குச் சங்கப் பாடல்கள் 'மால்பு' என்று தனிப்பெயரே வைத்திருக்கின்றன. உயர்ந்த மலையில் தொங்கும் பெருந்தேனைக் கண்டு, ஏற இயலாத முடவன் ஒருவன் கையைக் குவித்துச் சுட்டி நக்கி மகிழும் காட்சியைப் பரணர் குறுந்தொகையின் 60-ஆம் பாடலில் காதலுக்கு உவமையாக்கினார். சங்கப் பாடல்களின் குறவர்தாம் இன்றைய குறும்பர் என்று பெயர் ஒலிப்பை மட்டும் வைத்து முடிவு கட்டுவது ஆராய்ச்சி ஆகாது. எனினும் மேற்கு மலைத்தொடரில் பாறைத்தேன் எடுக்கும் தொழில் ஈராயிரம் ஆண்டுக்குக் குறையாத பழமை உடையது என்பதில் ஐயமில்லை.

ஓவியத்தின் வண்ணங்கள் நான்கு. செம்மண்ணிலிருந்து சிவப்பும், 'போதி மண்ணு' என்று அவர்கள் வழங்கும் வெண்களிமண்ணிலிருந்து வெள்ளையும், மரப்பட்டையிலிருந்து கறுப்பும், காட்டவரைத் தழையிலிருந்து பச்சையும் பெறப்படுகின்றன. கந்தைத் துணியோ கருகிய குச்சியோ தூரிகையாகிறது. மரபுப்படி இதைத் தீட்டும் உரிமை எல்லார்க்கும் உரியதன்று. ஊர்க் கோயிலைப் பேணும் குடும்பத்து ஆண்களோ பூசாரியோ மட்டுமே உருவங்களை வரைவர். அக்குடும்பத்துப் பெண்கள் கதவு, சாளரங்களைச் சுற்றிக் கரை எழுதுவதும் தரையில் கோலம் இடுவதுமாகப் பங்கேற்பர். கோத்தகிரியை அடுத்த வெள்ளரிக்கொம்பையைச் சேர்ந்தவரும் 'கிட்ணா' என்று அறியப்பட்டவருமான ஆர். கிருஷ்ணனின் ஓவியங்கள் வெளியுலகில் இக்கலைக்குப் பெயர் தேடித் தந்தவற்றுள் குறிப்பிடத்தக்கவை. வேங்கை மரத்திலிருந்து வடியும் செம்பழுப்புப் பிசினை அவர் தம் வண்ணமாகக் கையாண்டார். வெட்டினால் குருதிபோல் வடியும் அந்தப் பிசின் தாளில் காயும்போது அதன் நிறத்துக்கு அடர்வும் நீர்த்தலும் ஒரே கோட்டுக்குள் மாறிமாறி அமைகின்றன; கடையில் வாங்கும் அக்ரிலிக் வண்ணத்தில் அது கைகூடாது.

வெள்ளரிக்கொம்பைக்கு அருகே 'எழுத்துப் பாறை' என்று வழங்கும் இடத்தில் பண்டைய பாறை ஓவியங்கள் உள்ளன. அவை தம் முன்னோர் வரைந்தவை என்பது குறும்பர்களின் நம்பிக்கை. கோத்தகிரி வட்டத்திலேயே கரிக்கையூரை ஒட்டிய பொறிவரையில் இன்னும் விரிவான பாறை ஓவியத் தொகுதி இருக்கிறது. அதன்மீது வந்துபோவோர் தம் பெயர்களைக் கிறுக்கிச் சிதைத்துள்ளனர் என்பது வெட்கக்கேடு. பாறை ஓவியத்துக்கும் இன்றைய சுவரோவியத்துக்கும் இடையே அறுபடாத தொடர்ச்சி உண்டு என்று நிறுவுவதற்குக் கோடுகளின் ஒற்றுமை மட்டும் போதாது. ஆயினும் அந்தப் பாறையைத் தங்கள் முன்னோரின் எழுத்தாகக் கருதும் ஒரு கூட்டம் இன்றும் அதன் அடியில் வாழ்கிறது என்பதே வரலாற்றாசிரியர் புறந்தள்ளக்கூடாத செய்தி.

உணவு தேடலைத் தீட்டும் பழங்குடி ஓவியங்களில் உலகெங்கும் பெயர் பெற்றவை ஆஸ்திரேலியப் பூர்வகுடிகளின் புள்ளி ஓவியங்கள். குறும்பர் ஓவியத்தை மதிப்பிட அவற்றின் வரலாறு பெரிதும் உதவுகிறது. அந்நாட்டின் நடுப்பாலையில், ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகருக்கு வடமேற்கே உள்ள பப்புன்யா என்னும் குடியிருப்பில் அரசு பல்வேறு பூர்வகுடிக் குழுக்களை ஒன்றாகக் குடியமர்த்தியிருந்தது. அங்கே பள்ளி ஆசிரியராக 1971-இல் வந்த ஜெஃப்ரி பார்டனின் ஊக்கத்தால், காப்பா முதலிய மூத்த ஆடவர்கள் பள்ளிச் சுவரில் பேரோவியம் ஒன்றைத் தீட்டினர். அதன் பொருள் தேன் எறும்பு. மண்ணுக்கடியில் வாழும் அவ்வெறும்புகளில் சில தம் வயிற்றையே கலமாக்கி இனிப்பு நீரைச் சேமிக்கும். முல்கா மரத்தடியில் தோண்டி எடுத்து அதைச் சுவைப்பது பாலைவாழ் மக்களின் அரிய உணவுகளுள் ஒன்று. அவர்களின் நம்பிக்கையில் தேன் எறும்பு உணவு மட்டுமன்று, நிலத்தையே உருவாக்கி நடந்து சென்ற மூதாதையும் ஆகும். ஆகவே அந்த ஓவியம் உணவுப் படமாகவும் நிலவரைபடமாகவும் குலவரலாறாகவும் ஒருங்கே அமைந்தது. அடுத்த ஆண்டில் அவ்வோவியர்களுக்கே உரிமையான பப்புன்யா துலா நிறுவனம் தோன்றியது. பள்ளிச் சுவரோவியமோ சில ஆண்டுகளுக்குள் அதிகாரிகளால் வெள்ளையடித்து மறைக்கப்பட்டது.

இவ்வோவியங்களின் குறியீடுகள் மணலில் விரலால் வரைந்து கதை சொல்லும் பழக்கத்திலிருந்தும் சடங்கில் உடலில் தீட்டும் கோலங்களிலிருந்தும் வந்தவை. குதிரை லாட வடிவம் தரையில் அமர்ந்த மனிதர் விட்டுச்செல்லும் சுவடு. அதனருகே ஒரு கோடும் நீள்வட்டமும் இருந்தால் அது அகழ்கோலும் மரத்தட்டும் உடைய பெண். ஒன்றனுள் ஒன்றாக அமைந்த வட்டங்கள் நீர்ச்சுனையாகவோ குடியிருப்பாகவோ எறும்பு வளையாகவோ இருக்கலாம். எது என்பதை இடமும் கதையும் அறிந்தவரே சொல்ல முடியும். எண்பதை நெருங்கும் வயதில் துணியில் தீட்டத் தொடங்கி, 1996-இல் மறைந்த எமிலி காமே கிங்வாரேயின் புகழ்பெற்ற ஓவியங்கள் பல, கொடிவகைக் கிழங்கு ஒன்றைப் பற்றியவை. நிலத்துக்கு அடியில் அதன் வேர் ஓடும் தடத்தையும், மேலே மண் வெடித்து அது இருக்குமிடத்தைக் காட்டிக்கொடுக்கும் பிளவையும் அவர் பல மீட்டர் நீளத் துணிகளில் வரைந்தார். அவருடைய 'காமே' என்னும் பெயரே அக்கிழங்கின் விதையைக் குறிப்பது. கவலைக் கிழங்கு எங்கே ஓடுகிறது என்பதைக் காய்ந்த கொடியைப் பார்த்தே கண்டறியும் நீலகிரிப் பெண்களுக்கு அந்த ஓவியத்தை விளக்க அருங்காட்சியக வழிகாட்டி தேவைப்படமாட்டார்.

புள்ளி என்றதும் சென்னைவாசியின் நினைவு கோலத்துக்குத் தாவுவது இயல்பு. மயிலாப்பூர் மாடவீதியில் பொங்கலை ஒட்டி நடக்கும் கோலப் போட்டியைப் பார்த்தவர்கள் எல்லாப் புள்ளி ஓவியமும் ஒரே குடும்பம் என்று எண்ணக்கூடும். அந்த எண்ணம் பிழையானது. புள்ளிக்கோலத்தில் புள்ளி என்பது கோடு எங்கே வளைய வேண்டும் என்பதற்கான கணக்கு. குறும்பர் ஓவியத்தில் பாறையருகே காணும் புள்ளி ஒரு தேனீ, அது கொட்டும். பப்புன்யாவிலோ புள்ளி மெல்ல மெல்ல ஒரு திரையாயிற்று. தொடக்கத்தில் அங்கே தீட்டப்பட்ட சிறு பலகைகளில், தீட்சை பெற்றவர் மட்டுமே காணத்தக்க சடங்குப் பொருள்கள் வெளிப்படையாக இடம்பெற்றதைப் பிற பூர்வகுடியினர் கண்டித்தனர். அதன்பின் அவ்வுருவங்கள் விலக்கப்பட்டும் புள்ளிகளின் செறிவால் மறைக்கப்பட்டும் வந்தன. விற்பனைக்குரிய ஓவியத்தில் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்று ஒரு சமூகம் தானே முடிவெடுத்ததன் அடையாளம் அந்தப் புள்ளித்திரை. அந்த வரலாறு அறியாமல் புள்ளிகளை மட்டும் நகலெடுத்துத் தேநீர்க் குவளையிலும் தலையணை உறையிலும் அச்சிடுவது, எழுத்தறியாதவர் கல்வெட்டைத் துணிவடிவமாகப் பயன்படுத்துவதை ஒத்ததே.

சுவரிலிருந்து தாளுக்கு வந்ததால் குறும்பர் ஓவியம் தன் புனிதத்தை இழந்துவிட்டது என்று வருந்துவோர் உண்டு. அந்த வருத்தத்தில் பாதிதான் நியாயம். மண்சுவர் வீடுகள் போய்ச் சிமெண்டுத் தொகுப்பு வீடுகள் வந்தபோதே சுவரோவியத்துக்கு இடம் இல்லாமல் போயிற்று. தாள் வந்திராவிட்டால் இன்று பேசுவதற்கு ஓவியமே எஞ்சியிராது. கோயிற்குடும்பத்து ஆண்களுக்கு மட்டும் உரியதாக இருந்த தூரிகை பயிற்சி வகுப்புகளால் பிறருக்கும் கிட்டியது என்பதும் இழப்புக் கணக்கில் சேராது. உண்மையான இழப்பு வேறிடத்தில் இருக்கிறது. சுவரில் இருந்தபோது அந்தப் படத்தைப் பார்த்த ஒவ்வொருவருக்கும் அது எந்தப் பாறை என்று தெரியும். சென்னையில் தொங்கும்போது அது 'பழங்குடிக் கலை' என்னும் இரண்டு சொல்லாகச் சுருங்கிவிடுகிறது.

அந்தப் பாறையின் பெயர் சட்டத்துக்கும் வேண்டிய செய்தி. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், மரம் அல்லாத காட்டுவிளைபொருள்களைச் சிறு வன விளைபொருள் என்று வரையறுத்து, அப்பட்டியலில் தேன், மெழுகு, வேர், கிழங்கு ஆகியவற்றைச் சேர்த்து, மரபாக அவற்றைச் சேகரித்து வந்தவர்களுக்கு அவற்றின்மீது உடைமையுரிமை அளிக்கிறது. உரிமை கோருவோர் காட்டக்கூடிய சான்றுகளில் பழைய கிணறு, இடுகாடு, புனித இடம், முதியோர் வாக்குமூலம் முதலியன ஏற்கப்படுகின்றன; ஓவியம் பெயர் சொல்லிக் குறிக்கப்படவில்லை. மேற்கு ஆஸ்திரேலியாவின் பெரும் மணற்பாலையைச் சேர்ந்த மக்கள், தங்கள் நிலவுரிமையை ஆங்கிலத்தில் எடுத்துரைப்பது அரிதாக இருந்ததால், 1997-இல் 8 மீட்டர் அகலமும் 10 மீட்டர் நீளமும் உடைய ஒற்றைத் துணியில் தத்தம் நீர்ச்சுனைகளைச் சேர்ந்து தீட்டி, தீர்ப்பாயத்தின்முன் விரித்து, அவரவர் சுனைமேல் அவரவர் நின்று வாக்குமூலம் அளித்தனர். 'நுரரா' ஓவியம் என அறியப்படும் அதற்குரிய மக்களின் நிலவுரிமை 2007-இல் ஏற்கப்பட்டது. தேன்பாறையைத் தீட்டும் ஓவியம் நீலகிரியிலும் அத்தகைய சான்றாக ஏன் அமையக்கூடாது என்பது வழக்கறிஞர்கள் எண்ணிப் பார்க்க வேண்டிய கேள்வி.

ஓவியரின் உரிமையிலும் ஆஸ்திரேலியா கசப்பான பாடம் கற்றது. 1966-இல் பதின்மக் காசுமுறை அறிமுகமானபோது வெளியிடப்பட்ட ஒரு டாலர் தாளில், டேவிட் மலங்கி என்னும் பூர்வகுடி ஓவியர் மரப்பட்டையில் தீட்டிய மூதாதை வேட்டைக்காரனின் ஈமச்சடங்கு ஓவியம் அவரைக் கேளாமலே அச்சிடப்பட்டது. விவரம் வெளியான பிறகு 1,000 டாலரும் ஒரு பதக்கமும் மீன்பிடி கருவிகளும் அவருக்கு அளிக்கப்பட்டன. இந்தியாவில் 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் ஓவியரின் வாழ்நாளுக்கும் அதன்பின் 60 ஆண்டுகளுக்கும் அவர் படைப்பைக் காக்கிறது. அதன் 57-ஆம் பிரிவு, படத்தை விற்ற பிறகும் படைத்தவர் தாமே என்று உரிமை கோர அவருக்கு இடமளிக்கிறது. ஒரு குடியின் மரபுவழிப் பாணி முழுவதையும் காக்க அச்சட்டத்தில் வழியில்லை. புவிசார் குறியீடு, அதாவது ஓரிடத்துக்கே உரிய பொருளின் பெயரைப் பிறர் பயன்படுத்தாமல் தடுக்கும் பதிவு, அக்குறையை ஓரளவு நிரப்பும். அதே நீலகிரியின் தோடர் பூத்தையல் அதை 2013-இல் பெற்றது.

சட்டம் செய்வது ஒருபுறம் இருக்க, இந்நகரத்தில் படம் விற்போரும் வாங்குவோரும் இன்றே செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஆழ்வார்பேட்டையிலோ தியாகராய நகரிலோ அடையாற்றிலோ குறும்பர் ஓவியம் எங்கே தொங்கினாலும், அதன் அடியில் ஓவியரின் பெயரும் ஊரும், படத்தில் உள்ள பாறையின் பெயரும், அதில் தேன் எடுக்கும் உரிமையுடைய ஊராரின் பெயரும் தமிழில் எழுதப்பட வேண்டும். எதை வெளியில் சொல்லலாம் என்பதை ஓவியரையே கேட்டு எழுத வேண்டும். வாங்குபவர் விலையைக் கேட்பதற்கு முன் அந்தப் பெயர்களைக் கேட்கத் தொடங்கினால், விற்பவர் அவற்றை எழுதியே தீருவார்.